செல்போன் வைத்து அவதிப்படுவது எப்படி?

1995-இல் செல்போன் இந்தியாவுக்கு வந்தபோது அவதி எளிமையாக இருந்தது. யாராவது நம்மைக் கூப்பிட்டாலே நம் காசு கழியும். 2003-இல் இன்கமிங் இலவசமானது. அதன்பிறகு நம்மைக் கூப்பிட்டுக் காசு கழிக்கும் வேலையை வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒத்தாசை செய்வது எப்படி, பாதி கெட்ட போனை முழுசாகக் கெடுப்பது எப்படி என்று முத்தாபுதுப்பேட்டை, மிட்டனமல்லி சுற்றுவட்டாரத்தாருக்குச் சில யோசனைகள்.

முதலில் தண்ணீர். போன் வாளியில் விழுந்தால் எடுத்த கையோடு சார்ஜ் போடுங்கள். ஆன் ஆனாலும் போடுங்கள், ஆகாவிட்டாலும் போடுங்கள். வெறும் ஈரம் போர்டை அரிக்க நாளாகும். கரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் அரிசி டிரம்மில் புதையுங்கள். அரிசியில் போடாதீர்கள், தூளும் நொய்யும் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-இல் சொல்லிவிட்டது. ரேஷன் அரிசியைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

ரிப்பேர் கடைக்குப் போனால் கடைக்காரர், "தண்ணில விழுந்துச்சாண்ணா?" என்று கேட்பார். "சேச்சே" என்று சொல்லுங்கள். அவர் மறுபேச்சுப் பேசாமல் சிம் ட்ரேயை ஊசியால் குத்தி வெளியே இழுத்து, டார்ச் அடித்து உள்ளே காட்டுவார். வெள்ளையாக இருக்க வேண்டிய ஒரு பொட்டு ஸ்டிக்கர் சிவந்து கிடக்கும். ஈரம் பட்டால் நிறம் மாறட்டும் என்றே கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பியது அது. "பையன் தண்ணி குடிக்கும்போது ரெண்டு சொட்டு தெறிச்சிருக்கும்" என்று சமாளியுங்கள். பையன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்வது உத்தமம்.

டிஸ்ப்ளே உடைந்தால் காம்போ மாற்ற வேண்டும். ஒரிஜினலா, காப்பியா என்று அவர் கேட்கும்போது விலையை மட்டும் பாருங்கள். திரைக்கடியில் கைரேகை வைக்கும் போனாக இருந்தால் மலிவுக் காப்பியில் அது பெரும்பாலும் வேலை செய்யாது. வீட்டுக்கு வந்தபின் நிதானமாகக் கண்டுபிடிக்கலாம். சிம்மைக் கழற்றாமல் கொடுங்கள். லாக் பேட்டர்னை அவர் ஒரு துண்டுச் சீட்டில் வரைந்து போனின் முதுகில் ஒட்டி, வருவோர் போவோர் பார்க்க மேசைமேல் வைப்பார். யுபிஐ பின் உங்கள் பிறந்த வருடமாக இருந்தால் எல்லோருக்குமே சௌகரியம். சில போன்களில் ரிப்பேருக்குக் கொடுக்கும்போது சொந்தச் சமாசாரங்களை மூடிவைக்கத் தனி மோட் உண்டு. செட்டிங்ஸில் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

"சாயங்காலம் வாங்க" என்றால் அடுத்த வாரம் என்று அர்த்தம். "போர்டு ரிச்சி ஸ்ட்ரீட் போயிருக்குண்ணா" என்றால் அவரைத் திட்டாதீர்கள். நீங்களே ஆவடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, அங்கே போய் நின்றாலும் அதே பதில்தான் கிடைக்கும், கொஞ்சம் உரத்த குரலில்.

இதெல்லாம் சில்லறை. பணத்தை மொத்தமாக விட நம் ஊருக்கென்றே ஒரு வழி இருக்கிறது. மாடி போர்ஷன் காலியாக இருந்தால் போட்டோவோடு ஆன்லைனில் விளம்பரம் போடுங்கள். மறுநாளே போன் வரும். "ஜெய் ஹிந்த் சார்!" பேசுபவர் சுபேதார், ஜம்முவிலிருந்து ஆவடி ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வருகிறார். சீருடைப் படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். வீட்டைப் பார்க்காமலே பிடித்துவிட்டது, வாடகையில் பேரம் இல்லை, அட்வான்ஸ் இப்போதே. ஒரே ஒரு நிபந்தனை: ராணுவ முறைப்படி முதலில் நீங்கள் ஒரு ரூபாய் அனுப்ப வேண்டும், அது இரண்டாகத் திரும்பி வரும். அனுப்புங்கள். இரண்டு ரூபாய் வரவே வரும். அந்த நாணயத்தில்தான் மனிதர் நம்மைச் சாய்க்கிறார். அடுத்து ஒரு க்யூஆர் கோடு, பக்கத்தில் பெரிய தொகை. "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க சார், டபுளாக வரும்." பணம் வாங்குவதற்கு யுபிஐயில் பின் போடும் வேலையே கிடையாது என்ற எண்ணம் குறுக்கே வந்தால் துரத்திவிடுங்கள்.

இந்த வித்தை நாடு முழுக்க நடக்கிறது. ஆனாலும் நம் பேட்டையில் அதற்குத் தனி மவுசு. வேறு ஊரில் ராணுவம் என்றால் குடியரசு தின அணிவகுப்பு. இங்கே பால் பாக்கெட் வாங்க வந்து நிற்கிறது. வாடகையை ஒன்றாம் தேதி தவறாமல் கொடுத்தவர்கள், வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடித்துக் கொடுத்தவர்கள். அவர்கள் இத்தனை வருஷம் சேர்த்துவைத்த நல்ல பெயரைத்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒருவன் ஒரு போட்டோவை வைத்துக் காசாக்குகிறான். ஆகவே ஒன்றில் கவனமாக இருங்கள்: பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஏர்ஃபோர்ஸ்காரரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். "ஏர்ஃபோர்ஸ்ல ஏதுங்க சுபேதார்? அது ஆர்மி ராங்க். இங்க வாரண்ட் ஆபீசர்னு சொல்லணும்" என்று வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே காரியத்தைக் கெடுத்துவிடுவார்.

அட்வான்ஸ் வழி பிடிக்காதவர்களுக்கு டிஜிட்டல் அரெஸ்ட் இருக்கிறது. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்று மும்பை போலீஸ் வீடியோ காலில் வருவார்கள். கேமராவை விட்டு நகராமல் உட்காருங்கள், பாத்ரூம் போகவும் அனுமதி கேளுங்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று 'மனதின் குரல்' வானொலி நிகழ்ச்சியில் சொன்னார். இருக்கட்டும். முத்தாபுதுப்பேட்டையிலேயே அசல் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, ஆவடிக்கென்று 2022 ஜனவரி 1 முதல் தனிக் கமிஷனரேட்டும் இருக்கிறது. அங்கே போனால் உட்காரச் சொல்லுவார்கள், பெயர் கேட்பார்கள், எழுதித் தரச் சொல்லுவார்கள். மும்பைக்கு அந்தச் சிரமம் இல்லை.

கல்யாணப் பத்திரிகை ஏபிகே ஃபைலாக வந்தால் திறந்து பாருங்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரிய வேண்டாமா? இரவு ஒன்பதரைக்குக் கரண்டைத் துண்டிப்போம் என்று மெசேஜ் வந்தால், மின்வாரியத்தை விட்டுவிட்டு அதில் உள்ள நம்பருக்கே கூப்பிடுங்கள். போன் தொலைந்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசிக்க வேண்டாம். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எழுதிவைத்திருந்தால், போலீஸில் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கிவிடலாம். வாங்கிய அட்டைப் பெட்டியிலும் அந்த எண் இருக்கும். பெட்டியைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுங்கள்.

பணம் போய்விட்டது. இனி சைபர் மோசடிப் புகார் எண் 1930. திருடியவன் அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் தகவல் போனால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு; எனவே அவசரமே படாதீர்கள். முதலில் மச்சானுக்குச் சொல்லுங்கள். அவர் பேங்கில் வேலை செய்த பெரியப்பாவைக் கேட்கச் சொல்வார். பெரியப்பா, "எவ்வளவு போச்சு?" என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பார். மறுநாள் டிபனை முடித்துவிட்டு 1930-க்கு அடித்தால் பரிவர்த்தனை எண் கேட்பார்கள். அந்த எஸ்எம்எஸ்ஸை, வீட்டுக்காரம்மா பார்த்துவிடக் கூடாதென்று ராத்திரியே அழித்திருப்பீர்கள். பேங்குக்கு ஓடினால், "ஆப்லயே ஸ்டேட்மென்ட் எடுக்கலாமே சார்" என்பார்கள். ஆப் இருக்கிற போனை, வைரஸ் கிரஸ் ஏறியிருக்கும் என்ற பயத்தில், ரீசெட் பண்ணச் சொல்லிக் காலையில்தான் கடையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.