ஒரே காற்று, இரு வேலை

கேள்வி: கடலோரக் கோட்டக்குப்பத்தில் இருப்பவர் காற்று வாங்க வெளியே கிளம்ப உகந்த நேரம் எது?

பதில்: விடியலுக்கு முன்பே அதே கடலோரத்து மரக்காணம் உப்பளத்தில் இறங்கிவிடும் தொழிலாளரைக் கேட்டால், வெயில் ஏறுமுன் என்பார். கடற்கரையில் உலாவுவோர் காசில்லாமல் வாங்கும் அதே காற்றுதான், வெயிலோடு கூடி, பாத்திகளில் தேக்கிய உவர்நீரை, அதாவது உப்புச் செறிந்த நீரை, அடர்த்தியைக் குறிக்கும் போமே அளவில் ஏறத்தாழ 25 பாகை எட்டும்வரை வற்றச்செய்து உப்பாக விளைவிக்கிறது; அதை வெறுங்காலோடு நின்று, நீண்ட கோல் பூட்டிய பலகையால் வரப்போரம் இழுத்துக் குவிப்பவரின் பாதம் வெடிப்பதால், உலாவப் போகிறவருக்கு முன் அவருக்கே நிழலும் குடிநீரும் கிடைத்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் ஓயும்போது, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பக்கத்துக் கழுவேலி ஏரியில், பருவந்தோறும் இடம்பெயரும் வலசைப் பறவைகள் வந்திறங்கும். அங்கும் விடியலே உகந்த நேரம்.