தடம் பார்க்கப் போற தம்பிக்கு

வா அப்பனு, உட்காரு. திம்பத்து மலைப்பாதையில 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்திருக்கே, புலித்தடம் பார்க்கோணும்னு. தொப்பி பச்சை, சட்டை பச்சை, முதுகுல தொங்கற பையும் பச்சை. நல்லது. ஆனா யானைக்குக் கண்ணைவிட மூக்குதான் பெருசு. நீ அடிச்சிருக்கிற சென்டு அக்கட்டால கர்நாடகத்து யானைக்கே எட்டியிருக்கும்.

காட்டைப் படிக்கோணும்னா மொதல்ல உன்ற வாசலைப் படி. ராத்திரி கொஞ்சம் மணலைப் பரப்பிப்போட்டுத் தூங்கு. வெடிஞ்சதும் பாரு. நாய் போயிருந்தா விரலுக்கு முன்னால நகம் குத்தியிருக்கும். பூனை போயிருந்தா நகம் தெரியாது. நடக்கையில உள்ளே இழுத்துக்கும். புலியும் சிறுத்தையும் பூனைக்குப் பங்காளிங்கதான். அதே நாலு விரல், அதே அடிச்சதை, அளவுதான் வேற. சேத்துல வழுக்கினா மட்டும் புலியும் நகத்தை ஊனும். இந்த வித்தியாசம் தெரியாம எவனாச்சும் தெருநாய்த் தடத்தைப் போனுல புடிச்சு, 'சிறுத்தை வந்திருச்சு'ன்னு வாட்ஸப்புல தாட்டி விடறான். ஊரே கதவைச் சாத்திக்குது. அந்த நாய் மட்டும் நடுத்தெருவுல நின்னு, சிறுத்தை எங்கேன்னு தேடுது.

உச்சிவெயில்ல தடம் தேடாத. காலையிலயும் சாயந்தரமும் வெயில் சாஞ்சிருக்கையில, தடம் உனக்கும் சூரியனுக்கும் நடுவுல இருக்கிற மாதிரி நின்னு பாரு. பள்ளத்துல நிழல் விழும், விளிம்பு எந்திரிச்சு நிக்கும். எப்பப் போச்சுன்னு தெரியோணுமா? தடத்துக்கு மேல ராத்திரிப் பூச்சி ஊர்ந்த கோடு இருந்தா, பூச்சிக்கு முந்திப் போனது. மழைத்துளி குத்தின புள்ளி சுத்துமுத்தும் இருந்து தடத்துக்குள்ள இல்லேன்னா, மழை விட்ட பொறகு போனது. விளிம்பு கூரா இருந்து, மிதிபட்ட புல்லு இன்னும் நிமிர்ந்துக்கிட்டே இருந்துச்சுன்னா, அப்புறம் என்ன ஆராய்ச்சி? எந்திரிச்சு நட!

யானைத்தடம் கிடைச்சா உனக்கு யோகம். முன்னங்கால் தடம் வட்டம், பின்னங்கால் தடம் நீள்வட்டம். முன்னங்கால் தடத்தைச் சுத்திக் கயிறு போட்டு அள. அதை 2-ஆல பெருக்கு. ஏறக்குறைய தோள் உயரம் வந்துரும். அளக்கையில யானை பக்கத்துல இருக்கப்படாது. இருந்தா உயரம் தானாத் தெரியும், கயிறு எதுக்கு? லத்தி கிடந்தா அதையும் பாரு. சூடும் ஈரமும் இருந்தா ஆளு பக்கத்துலதான். காஞ்சு, கரையான் ஏறியிருந்தா நீ தாராளமா உட்கார்ந்து படம் புடிக்கலாம்.

கரடி வேற மாதிரி. பின்னங்கால் தடம் மனுசன் வெறுங்காலோட போன கணக்கா இருக்கும். எவரோ சாமியார் மலையேறியிருக்காருன்னு கும்பிட்டுக்கிட்டே பின்னால போயிராத. முன்னங்கால் தடத்தைப் பாரு, விரலைத் தாண்டி நீட்டமா நகம் கீறியிருக்கும். பக்கத்துல கரையான் புத்து நோண்டிக் கிடக்கும். சாமியாரு புத்துக்குப் பால் ஊத்துவாரு, நோண்ட மாட்டாரு.

காலடியை வச்சே எல்லாத்தையும் சொல்லிரலாம்னு நெஞ்சையும் நிமித்தாத. சர்க்காரே 1972-ல நாடு முழுக்கப் புலித்தடத்தை எண்ணித்தான் புலிக்கணக்கை ஆரம்பிச்சாங்க. ராஜஸ்தான்ல சரிஸ்கானு ஒரு காடு. 2004-ல கணக்குல புலி இருந்துச்சு. 2005-ல தேடினாக் காட்டுல ஒண்ணுகூட இல்ல. கள்ளவேட்டைக்காரன் முடிச்சுப்போட்டான். தாள்ல நடக்கிற புலிக்கு மட்டும் எந்த வேட்டைக்காரனாலயும் ஆபத்தில்ல. அப்புறந்தான் காட்டுக்குள்ள கேமராவைக் கட்டி, ஒடம்பு வரியைப் பார்த்து எண்ணத் தொடங்கினாங்க. வரி புலிக்குப் புலி வேற, கடைசி வரைக்கும் மாறாது. தடம் அப்படியில்ல, ஒரே புலி புழுதியில ஒரு மாதிரி மிதிக்கும், சேத்துல ஒரு மாதிரி மிதிக்கும்.

கடைசியா ஒண்ணு. காப்புக்காட்டுல வனத்துறைக்காரங்க அனுமதி இல்லாமக் காலு வைக்காத. அங்க உன்ற தடத்தைப் படிக்கவும் ஆளு இருக்கு. வேட்டைத்தடுப்புக் காவலருங்க உன்ற பூட்ஸு கம்பெனி வரைக்கும் சொல்லிருவாங்க. அனுமதியோட போனாலும், தடம் கிடைச்சதும் அது போன பக்கம் போகாத. வந்த பக்கமாத் திரும்பிப் போ. எங்க படுத்துச்சு, எங்க தண்ணி குடிச்சுச்சு, எந்த மரத்தைப் பிறாண்டுச்சு, எதைத் தின்னுச்சு, அத்தனை பாடமும் அந்தப் பக்கந்தான் கிடக்கு. போன பக்கம் போனாப் பாடம் கிடைக்காது, வாத்தியாரே கிடைப்பாரு. அவரு கையில பிரம்பு இருக்காது.

புலியைப் பார்த்தேன்னு பீத்தறவன் ஊருக்கு ஊரு இருக்கான். புலிக்குத் தெரியாம அதோட ஒரு நாளைப் படிச்சுப்போட்டு, முழுசா ஊடு வந்து சேர்றவன்தான் அப்பனு தடம் கத்தவன்.