மண்ணூர் வட்டாரத்து ஸ்பேனர் மரபு: ஒரு முன்னாய்வு

கார் செய்யும் ஊர்கள் உலகில் பல. நாளெல்லாம் கார் செய்துவிட்டு வீடு திரும்பி, தன் கார் பேட்டரியைக் கழற்றப் பக்கத்து வீட்டில் ஸ்பேனர் கேட்கும் ஊர்கள் குறித்து மட்டும் பல்கலைக்கழகங்கள் பாராமுகமாகவே இருக்கின்றன. அக்குறை நீங்க, ஸ்ரீபெரும்புதூர் வட்டம் மண்ணூரைக் களமாகக் கொண்டு இவ்வாய்வு நிகழ்த்தப்பட்டது. நிதியுதவி ஏதும் பெறப்படவில்லை, கேட்கவும் இல்லை.

களம் பற்றி முதலில். ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை. 1998இல் சான்ட்ரோவை உருட்டிவிட்ட ஹூண்டாய் ஆலை அங்கே. இன்னொரு பக்கம் ஒரகடம். 2010இல் ரெனோவும் நிசானும் சேர்ந்து திறந்த ஆலை, 2012இல் வந்த பாரத்பென்ஸ் லாரி ஆலை, ராயல் என்ஃபீல்டு எல்லாம் அங்கே. இப்படி நட்டும் போல்ட்டும் சூழ்ந்த ஊரில் வீட்டுக்கு வீடு டூல்ஸ் பெட்டி நிறைந்து வழியும் என்பார் வெளியூரார். அது பொருந்தாது என்க. லைனில் நிற்பவருக்குச் சொந்த ஸ்பேனர் எதற்கு? தலைக்கு மேல் ஸ்பிரிங்கில் தொங்கும் மின்கருவியை இழுத்து நட்டின்மேல் வைத்தால், குறித்த முறுக்கு வந்ததும் அதுவே நிற்கிறது. பச்சை விளக்கு எரிகிறது. அப்படி ஒரு ஷிப்ட் முழுக்க முடுக்கியவர் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சான்ட்ரோவின் சக்கரத்தை எப்படி முடுக்குகிறார்? வீல் ஸ்பேனரை மாட்டி அதன்மேல் ஏறி நிற்கிறார்.

இதைக் கணக்கிட்டோம். ஆள் எடை 70 கிலோ, கைப்பிடி நீளம் 25 சென்டிமீட்டர் என்றால் முறுக்கு சுமார் 170 நியூட்டன் மீட்டர். சிறிய கார்களின் வீல் நட்டுக்கு வேண்டியது ஏறக்குறைய 100. இதே வேலையை லைனில் செய்திருந்தால் சூப்பர்வைசர் ஓடி வந்திருப்பார். அடுத்த பஞ்சரில் அந்த நட்டைக் கழற்ற மச்சானையும் கூட்டிக்கொண்டு இரண்டு பேராக ஏற வேண்டியிருப்பதன் காரணமும் இதுவே. முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் நல்லதுதான். ஆனால் முதலில் வாங்கும் பொருளல்ல. எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி, காலை விட்டுக் கையால் முடுக்கினால் இப்போதைக்குச் சமாளிக்கலாம்.

இனி அளவியல். கடையில் கிடைக்கும் எட்டு உருப்படி டபுள் எண்ட் செட்டின் வரிசை இது: 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22. ஆக பதினாறு வாய். கொரிய, ஜப்பானிய மரபுக் கார்களில் பெரும்பாலும் வேலைக்கு வருபவை 8, 10, 12, 14, 17, 19 மட்டுமே. மற்ற பத்து வாய்களும் வாங்கிய அன்றைய பளபளப்போடு இருக்கும். அவற்றைக் கொண்டு உரிமையாளரின் நேர்மையை அளக்கலாம். இன்னொன்று: 19க்குப் பின் 20, 22 என்று தாவும் இவ்வரிசையில் 21 கிடையாது. இருங்காட்டுக்கோட்டைக் கார்களின் வீல் நட்டோ 21. இது ஜலந்தர், நாசிக் உற்பத்தியாளர்கள் தென்னாட்டுக் காருக்குச் செய்த சதி என்பார் ஒரு சாரார். காரோடு வரும் வீல் ஸ்பேனரே 21தான் என்பதால் சதிக்கு இடமில்லை என்பது நம் முடிபு.

ஒரகடத்து ரெனோ கார்கள் வேறு குலம். அங்கே 13ம் 16ம் தலைகாட்டும். நட்சத்திரத் தலை டார்க்ஸ் ஸ்க்ரூ குறுக்கே வரும். பழைய டஸ்டர் டீசலில் ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கு வெளித்தலையே இல்லை. உள்ளே 8 மில்லிமீட்டர் சதுரக் குழிதான். அதற்கென்று தனிச் சாவி வாங்க வேண்டும். எனவே கார் எந்த ஆலையில் பிறந்தது என்று பார்க்காமல் ஸ்பேனர் வாங்குவது ஜாதகம் பார்க்காத கல்யாணம் என்பார் மேலத்தெருப் பெரியவர்.

பரம்பரையாக வந்த டூல்ஸ் பெட்டி பற்றி ஓர் எச்சரிக்கை. மாமனார் அம்பாஸடரோ, வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ வைத்திருந்தவர் என்றால் அவர் பெட்டியில் இருப்பவை அங்குல ஸ்பேனர்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 12ஆம் நம்பர் போல்ட்டில் அது மாட்டும், சுற்றும், போல்ட்டின் ஆறு மூலையையும் மழித்துவிடும். அந்தப் பெட்டியை ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து வணங்கலாம். காரில் மட்டும் போடக் கூடாது.

தீபாவளி போனஸ் சமயத்தில் பரவும் பெருநோய் ‘நூறு பீஸ் செட்’. பெட்டியைத் திறந்து எண்ணினால் பெரும்பகுதி விரல் நீள ஸ்க்ரூ பிட்டுகள். எண்ணிக்கையைக் கூட்டப் பிறந்தவை. சாக்கெட் வாங்குவதானால் அரை அங்குல ராட்செட் ஒன்று, ஒரு நீட்டிப்புக் கம்பி, மேலே சொன்ன அளவுகளில் ஆறுமூலை சாக்கெட் மட்டும் தனித்தனியாக எடுக்கலாம். பன்னிரண்டு மூலை சாக்கெட் துருப்பிடித்த போல்ட்டில் வழுக்கும். பொழுது இருந்தால் பழைய சாமான் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை வரை போய்வரலாம். பழைய ஸ்பேனர் என்றால் வாயை விரலால் தடவிப் பாருங்கள். விரிந்திருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்து இரவலியல். எல்லா ஸ்பேனரிலும் 10ஆம் நம்பரே முதலில் காணாமல் போகிறது. இதற்கு அமானுஷ்யக் காரணம் தேடுவோர் உண்டு. உண்மை எளிது: காரின் பேட்டரி டெர்மினலுக்கும் அதுதான், தெருவில் நிற்கும் பைக்குகளில் பாதி நட்டுக்கும் அதுதான். கார் ஒன்று இருக்கும் தெருவில் பைக் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

“அண்ணா, பத்து இருக்கா?”

“பன்னெண்டு இருக்குது தம்பி.”

இவ்வுரையாடல் மண்ணூரில் மாலைதோறும் நிகழ்வது. மறுமொழி பொய்யல்ல, பத்தைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை. ஆகவே 10 மட்டும் மூன்று வாங்குக என்பது இவ்வாய்வின் முதல் பரிந்துரை. பேட்டரியில் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுவது முறை. மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.

மின்சாரப் பிரிவில் முந்நூறு ரூபாய் மல்டிமீட்டரைவிடப் பயனுள்ள கருவி இல்லை. ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நலம். 12க்குக் கீழ் என்றால் சார்ஜ் இல்லை. என்ஜின் ஓடும்போது 14 பக்கம் ஏற வேண்டும்; ஏறாவிட்டால் பேட்டரியைக் குறை சொல்லாமல் ஆல்டர்னேட்டரைப் பார்க்கவும். 2013க்குப் பின் வந்த காரானால் ஸ்டீயரிங்கின் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் மாட்டும் சிறு ப்ளூடூத் கருவி போனில் பழுதின் எண்ணைக் காட்டிவிடும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், பிளக்கையும் காயிலையும் பார்க்கலாம். 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜர், ரகசியமாக உபதேசம் பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரம் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்பது வைணவ மரபு. அவர் ஊர்ப்பக்கத்து மெக்கானிக்குகள் இந்த எண்கள் விஷயத்தில் இன்னும் கோபுரம் ஏறவில்லை.

கடைசியாக, விளையாட்டுக்கு இடமில்லாத ஒன்று. காரோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றத்தான். அடியில் படுத்து வேலை செய்ய அல்ல. புது வீடுகள் எழும்பும் இந்த வட்டாரத்தில் ஹாலோ பிளாக் எங்கும் கிடைப்பதால் அதைக் காருக்கு முட்டுக்கொடுக்கும் பழக்கம் உண்டு. சுவரில் வரிசையாக அடுக்கினால் பரவலான பாரத்தைத் தாங்கும் அந்தக் கல், இரும்பு முனை ஒன்று ஒரே இடத்தில் அழுத்தினால் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். ஜோடி ஜாக் ஸ்டாண்ட் வாங்குங்கள். சமதரையில், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து நிறுத்துங்கள். ஸ்பேனர் இரவல் கேட்டால் என்ன வேண்டுமானாலும் சாக்குச் சொல்லுங்கள். ஸ்டாண்ட் கேட்டு வருபவருக்கு மட்டும் மறுக்காமல் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.