ஆரையும் கேளாமல் போக ஒரு கருவி

யாழ்ப்பாணத்தில் வழி சொல்ல ஒருவரும் காசு வாங்குவதில்லை. அதற்காக அது இலவசம் என்று நினைத்துவிடக்கூடாது. வேலியோரம் நிற்கும் ஒரு ஐயாவிடம் காரை நிறுத்தி, "ஓவசியர் வீட்டுக்கு எப்பிடிப் போறது?" என்று கேட்டுப் பாருங்கள். வழி வராது. "தம்பி எவடம்?" என்றுதான் வரும். நல்லூர் என்றால், "நல்லூரிலை எவடம்?" சட்டநாதர் கோயிலடி என்றால், "அப்ப உங்கடை அப்பா ஆர்?" அப்பாவின் பெயரைச் சொன்னதும் அவர் பார்த்த உத்தியோகம், அம்மாவின் ஊர், சகோதரங்கள் இருக்கும் நாடுகள், ஓவசியர் வீட்டில் இப்போது என்ன அலுவல் என்று விசாரணை ஒழுங்காக நடக்கும். எல்லாம் திருப்தி என்றால் கையைத் தூக்கி, "உந்தப் புளியடியாலை திரும்பி, பழைய சங்கக்கடை இருந்த இடத்தாலை நேர போங்கோ" என்பார். புளியை வெட்டி எத்தனையோ வருஷம். சங்கக்கடையும் இல்லை. இரண்டும் செத்த பிறகும் வழிகாட்டி உத்தியோகத்தில் இருக்கின்றன.

சாதாரண நாட்களில் இந்த விலை எனக்குக் கட்டுப்படியாகும். ஆனால் ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, தன் மகனுக்குக் கரவெட்டியில் ஒரு இடம் சாதகப்படி பொருந்தியிருக்கிறது என்று வட்ஸ்அப்பில் எடுத்தார். "நீ அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒருக்கால் அந்தப் பக்கம் போ. வீடு வளவைப் பார். ஆனா ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது." முகவரியும் அனுப்பினார்: கோயிலடி, கரவெட்டி மேற்கு, கரவெட்டி. வீட்டிலக்கம் இல்லை, வீதி இல்லை, எந்தக் கோயில் என்றும் இல்லை. கரவெட்டியில் கோயில் இல்லாத இடம் ஒன்றைக் குறிப்பிட்டிருந்தால் கண்டுபிடிப்பது சுகமாக இருந்திருக்கும்.

ஆரையும் கேளாமல் போகவேண்டும். அதற்குத்தான் கருவி. அதுவும் மலிவாக.

ஜீபிஎஸ் பற்றி வாசித்தபோது எனக்கு அதில் பிடித்துப்போன சங்கதி அதன் துல்லியம் அல்ல. 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அந்தச் செய்மதிகள் தங்கள் நேரத்தையும் தாங்கள் நிற்கும் இடத்தையும் கீழே சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நாலு செய்மதியின் குரல் கேட்டால் போதும், கையிலுள்ள கருவி தானே கணக்குப் பார்த்து நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும். கீழேயிருந்து மேலே ஒரு வார்த்தையும் போவதில்லை. அதாவது, வழி சொல்கிறவர் அப்பாவின் பெயரைக் கேட்பதில்லை! இப்படியொரு நாகரிகம் எங்கள் பக்கத்தில் எந்தச் சந்தியிலும் கிடையாது.

முதலில் வந்தது செலவில்லாத கருவி. 2025ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த அத்தான், தான் கனடாவில் கழற்றிவைத்த பழைய வழிகாட்டியைச் சொக்லேற் பெட்டிகளுக்கு நடுவில் கொண்டுவந்தார். வெளிநாட்டில் பாவித்து முடிந்த பொருளெல்லாம் எங்களுக்கு அன்பளிப்பு. முற்றத்தில் வைத்து முடுக்கினோம். நெடுநேரம் யோசித்தது. அதில் குற்றமில்லை. உலகத்தின் மறுபக்கத்தில் கண்விழிக்கும் கருவி, எந்தச் செய்மதி எங்கே என்ற அட்டவணை முழுவதையும் புதிதாக இறக்கிக்கொள்ள பன்னிரண்டரை நிமிஷம் எடுக்கும். யோசித்து முடித்து ஒரு வெறும் வெளியில் எங்கள் அம்பை நிறுத்தியது. அதனிடம் இருந்தது வட அமெரிக்க வரைபடம் மட்டும். திகதியோ 2005 மார்கழிக் கடைசி.

அதற்கும் காரணம் உண்டு. ஜீபிஎஸ் கிழமைகளை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூச்சியத்தில் தொடங்கும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரலில். அதைச் சொல்லிக்கொடுக்காத பழைய கருவிகள் ஏறக்குறைய இருபது வருஷம் பின்னுக்குப் போய் உட்கார்ந்துவிடும். இதன் கணக்குப்படி யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை இன்னும் திறந்திருக்கிறது. அடுத்த ஆவணியில் மூடப்போகிறார்கள் என்று அதற்குச் சொல்லிவைப்போமா என்று யோசித்தேன். அத்தான் விமானம் ஏறும்வரை அதை மேசையில் வைத்திருந்தோம், மரியாதைக்கு.

பிறகு பட்டினத்தில் ஒரு கடை. டாஷ்போர்ட்டில் பூட்டும் பெரிய ஆண்ட்ராய்ட் செட் ஒன்றைத் தம்பி ஒருவர் காட்டினார். "இதிலை படம் பாக்கலாம் சேர், பின்னுக்குக் கமெரா இருக்கு, பாட்டு கேக்கலாம்."

"வழி காட்டுமோ?"

"ஓம் சேர். உங்கடை போனிலை இருந்து டேற்றா குடுத்தா காட்டும்."

அப்படியென்றால் வேலை செய்வது போன், சம்பளம் வாங்குவது செட். அந்த உண்மையைச் சொன்ன தம்பியில் எனக்கு மதிப்பு வந்தது. ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு போன் ஹோல்டரை வாங்கிக்கொண்டு வந்தேன். மலிவான கருவி தேடும் எவருக்கும் நான் சொல்வதும் இதுதான்: அது உங்கள் சேர்ட் பையில் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டு வைஃபையில் இலங்கைப் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் டேற்றாவும் வேண்டாம். அதற்கு ஓபன்ஸ்ட்ரீற்மப் என்று 2004இல் தொடங்கிய வரைபடம் ஒன்று இருக்கிறது. ஆர்வமுள்ள எவரும் அதில் தன் ஊரை வரையலாம். நாங்கள் எங்கே போகிறோம் என்று போன் கம்பனிக்குத் தெரிந்துவிடாதா என்று மருமகன் கேட்டான். தெரியட்டுமே. அந்தக் கம்பனிக்குக் கரவெட்டியில் சொந்தக்காரர் இல்லை.

கார் வேறு பிரச்சினை. அப்பாவின் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் சொட்டுப் பெற்றோலில் உயிர்பிடித்து மண்ணெண்ணெயில் ஓடிய சாதி. டோர்ச் பற்றறிகூட யாழ்ப்பாணத்துக்குள் வரமுடியாத காலம் அது. 2020இலிருந்து ஐந்து வருஷம் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் அதன் மதிப்பு இன்னும் ஏறிவிட்டது. சார்ஜர் செருகத்தான் அதில் இடமில்லை. ஒரு சொக்கெற் பூட்டச் சொன்னபோது வயரிங் செய்கிற அண்ணை சிரித்தார். அந்தக் காலத்து ஒஸ்ரினில் பற்றறியின் நேர்முனைதான் காரின் உடம்போடு சேரும். இப்போதைய சார்ஜர்கள் எல்லாம் எதிர்முனை உடம்பில் என்று நம்பிப் பிறந்தவை. "பூட்டித் தாறன், ஆனா புகை வந்தா என்னைக் கேக்கப்படாது" என்றார். பவர் பாங்க் ஒன்றோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

அம்மா பின் சீற்றில் ஏறினார். பருத்தித்துறை வீதியில் கோப்பாய் தாண்டுவதற்குள், போனில் பேசும் தமிழ்ப் பெண்குரலைக் கவனித்துவிட்டார். "ஆர் தம்பி அந்தப் பிள்ளை? இந்தியாவோ?" ஓம் என்றேன். "அங்கை எவடமாம்?" இருநூறு மீற்றரில் வலதுபுறம் திரும்பவும் என்றது அது. "நான் ஒண்டு கேக்க அவள் ஒண்டு சொல்லுறாள். வளர்ப்புச் சரியில்லை" என்று அம்மா முடிவுகட்டிவிட்டார்.

இந்தப் பிள்ளையைப் பலாலிப் பக்கம் கூட்டிப்போகும் எண்ணம் எனக்கில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இராணுவ வலயத்துக்குள் அடைபட்டுக் கிடந்த வசாவிளான் - பலாலி வீதியை 2025 ஏப்ரலில் திறந்தபோது, இடையில் நிறுத்தக்கூடாது, வாகனத்தைத் திருப்பக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். வழி தவறினால் 'யூ-வளைவு எடுக்கவும்' என்று கட்டளையிடும் குரலை நம்பி அங்கே போனால் விசாரிக்க வருகிறவர் அப்பாவின் பெயரோடு நிறுத்தமாட்டார்.

வல்லை வெளியில் கருவி உச்சத்தில் இருந்தது. மரமில்லை, மதிலில்லை, நாலுபக்கமும் வானம். செய்மதிக்கு அதைவிட நல்ல இடம் குடாநாட்டில் இராது. என்ன செய்ய, அங்கே இருப்பது ஒரே வீதி. மாடும் வழி தவறாது.

கூத்து நெல்லியடி கழிந்து ஒழுங்கைகளுக்குள் இறங்கிய பிறகுதான். 2000ஆம் ஆண்டு மே மாதம்வரை அமெரிக்கா ஜீபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவிட்ட பிழையால், பொதுமக்களின் கருவிகள் நூறு மீற்றர்வரை தள்ளிக் காட்டும். கிளின்டன் அதை நிறுத்தினார். ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்து பத்து நாள்கூட ஆகாத நேரம் அது. யாழ்ப்பாணத்தில் ஒருவரும் அதைக் கொண்டாடியிருக்கமாட்டார்கள். இப்போது திறந்த வெளியில் போன் ஐந்து மீற்றருக்குள் சொல்லிவிடும். எங்கள் ஒழுங்கையின் அகலமோ மூன்று மீற்றர். ஆகவே போனின் கணக்கில் நாங்கள் ஒருபோதும் ஒழுங்கையில் இல்லை. ஒருவருடைய வாழைத் தோட்டத்தில் இருந்தோம், பிறகு இன்னொருவருடைய கிணற்றுக்குள். வரைபடத்தில் எல்லா ஒழுங்கையும் ஒரே தடிப்புக் கோடு. கார் போகும் ஒழுங்கை, சைக்கிள் போகும் ஒழுங்கை, ஆடு மட்டும் யோசித்துப் போகும் ஒழுங்கை என்ற பேதம் அதற்குக் கிடையாது.

கடைசியில் ஒரு முடக்கில் திரும்பியதும் முன்னால் படலை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி. ஒஸ்ரினை றிவேஸ் எடுப்பது இரகசியமாகச் செய்யக்கூடிய காரியமல்ல. முதலில் ஒரு நாய் வந்தது. பிறகு அந்த ஒழுங்கையின் நாய்கள் முழுவதும் வந்தன. வேலிக்கு மேலால் தலைகள் தெரிந்தன. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் காலை ஊன்றி நின்று காரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஹோல்டரில் இருந்த போனையும் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"நல்லூரோ?" என்றார்.

அம்மா ஓம் என்று தலையாட்டிவிட்டார்.

"கனடாப் பொடியன்ரை அலுவலெல்லோ? இதில்லைத் தம்பி, அங்காலை ஒழுங்கை. பொம்பிளையின்ரை சித்தப்பாவும் ஸ்காபரோவிலைதானே, ராத்திரியே போன் எடுத்துச் சொல்லிப்போட்டார். பத்து மணிக்கு வருவியள் எண்டு தேத்தண்ணியும் ஊத்தி வைச்சுக்கொண்டிருக்கினம். ஏன் பிந்தினது?"