தரை டிக்கெட் நாடுகள்

உலகத்தைக் காப்பாற்ற ஒரு மத்தியானம் போதும். ‘வேர்ல்ட் கிளைமேட்’ என்றொரு விளையாட்டு இருக்கிறது; கிளைமேட் இன்டராக்டிவ் என்ற அமைப்பும் எம்ஐடி ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியும் பங்கெடுத்து உருவாக்கியது. குழுக்களாகப் பிரிந்து நாடுகளின் பிரதிநிதிகளாகி, ஐநா பருவநிலை மாநாடு போலப் பேரம் பேச வேண்டும்.

பணக்கார நாடுகளுக்கு மேஜை, விரிப்பு, நொறுக்குத்தீனி. ஏழை நாடுகளுக்குத் தரை டிக்கெட். புகையைக் குறைப்பதாகத் தரும் வாக்குறுதிகளைக் கணினியில் போட்டால், 2100-இல் சூடு எவ்வளவு ஏறியிருக்கும் என்று அது சொல்லிவிடும். முதல் சுற்றில் வாக்குறுதி பெரும்பாலும் மொய்க் கவருக்குள் பத்து ரூபாய் வைத்த கதைதான். கணக்கு இடிக்கும், நடத்துபவர் பெரிய நீலத் தார்ப்பாயை எடுத்துத் தரையில் இருப்பவர்கள் தலைமேல் போர்த்துவார். அதுதான் கடல். மேஜைக்காரர்கள் பிஸ்கட்டைக் கீழே வைக்காமலே வருத்தம் தெரிவிக்கலாம்.

அடுத்தடுத்த சுற்றுகளில் திருந்தி, 2 டிகிரிக்குள் கொண்டுவந்துவிட்டால் ஒரே கைதட்டல். நிஜ மாநாடு 1995-இல் பெர்லினில் தொடங்கியது. சுற்றுகள் இன்னும் முடிந்தபாடில்லை.

விளையாட்டு முடிந்தால் தார்ப்பாயை மடித்து அலமாரியில் வைத்துவிடலாம். கடலை மடிக்கத்தான் இன்னும் யாரும் பழகவில்லை.