பேராண்டி, ஒரு டோப்பா வாங்கி மாட்டிக்க

சைக்கிள்ல போறப்போ ஓரமாப் போடான்னு ஒருத்தன் கத்திட்டுப் போனானாம், அதுக்கு இந்த மூஞ்சியா? குந்துடா பேராண்டி. முதல்ல மோரைக் குடி. கத்துனவன் கார் கண்ணாடிய எறக்கிட்டுக் கத்துனானா, ஏத்துனபடியே கத்துனானா? எறக்கிக் கத்தியிருந்தா அவன் தங்கமான மனுசன்டா. ஏசி காத்து வெளிய போவுதேன்னு கூடப் பாக்காம உனக்காகச் செலவு பண்ணியிருக்கான்.

அது சரி, காலைல எட்டரை மணிக்கு ஜிஎஸ்டி ரோட்டுல ஓரம்னா எதுன்னு அவன்கிட்டயே கேட்டிருக்கலாமே? ஓரத்துல பஸ்ஸு நிக்குது. பஸ்ஸுக்கு இந்தாண்ட ஷேர் ஆட்டோ. ஷேர் ஆட்டோவுக்கும் நடைபாதைக்கும் நடுவுல ராங் சைடுல ஒருத்தன் பொண்டாட்டி, புள்ள, காஸ் சிலிண்டர் சகிதமா பைக்குல வரான். அதுக்கும் ஓரத்துல எளநீ வண்டி. இன்னும் ஓரம் வேணும்னா நீ ரயில்வே காம்பவுண்டுக்குள்ள எகிறிக் குதிச்சுத் தண்டவாளத்து மேலதான் மிதிக்கணும். அவன் உன்ன ஓரமாப் போவச் சொல்லலடா, இல்லாமப் போவச் சொல்றான். நீதான் ஓரம் எங்கன்னு தேடிக்கிட்டு இருக்க.

நான் முடிச்சூர் ரோட்டுல வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தப்போ சைக்கிள்காரனுக்கு ஒரே எதிரி போலீஸ்தான். சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லை வாங்கி மாட்டணும். பொழுது சாஞ்சா விளக்கு எரியணும். டபுள்ஸ் போவக் கூடாது. மாட்டுனா ஃபைனு. கையில காசு இல்லன்னா வால்டியூப்பப் புடுங்கிக் காத்த எறக்கி விட்டுருவாரு. அதனால தூரத்துல தொப்பி தெரிஞ்சதும் கேரியர்ல குந்தியிருக்கறவன் குதிச்சு எறங்கி, அவனுக்கும் சைக்கிளுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நடப்பான். தொப்பியத் தாண்டுனதும் மறுபடி ஏறிக்குவான். அவ்ளோதான் பகை.

1931லயே கரண்ட் ரயில் வந்த ஊருடா நம்ம தாம்பரம். ரயிலப் புடிக்க சேலையூரு, மாடம்பாக்கம், முடிச்சூருன்னு சுத்துப்பட்டு ஊரே சைக்கிள்லதான் வந்து எறங்கும். ஆபீஸ் குமாஸ்தாவும் சைக்கிளு, எம்சிசி காலேஜ் வாத்தியாரும் சைக்கிளு, ஏர்ஃபோர்ஸ்ல வேல பாக்கறவரும் சைக்கிளு. ஓட்டறவன் பூரா சைக்கிள்காரன்னா எவன் எவனத் திட்டறது? அப்புறம் ஒவ்வொருத்தனா ஸ்கூட்டருக்கு ஏறுனான், பைக்குக்கு ஏறுனான், லோன் போட்டுக் காருக்கும் ஏறிட்டான். சைக்கிள் மட்டும் எறங்கிடுச்சு. வசதி இல்லாதவன் வண்டின்னு அதுக்குப் பேரு வந்துடுச்சு.

இப்ப உன்னப் பாத்துக் கத்துனான் பாரு, அவங்கப்பன் என் கடையில மணிக்கு இவ்ளோன்னு காசு குடுத்து அரைப் பெடல் போட்டவனா இருப்பான். படாத பாடு பட்டு அந்த சீட்டுலேர்ந்து எறங்கி கார் சீட்டுல வந்து குந்தியிருக்கற குடும்பம். அதுக்கு எதுக்கால நீ, காரு வாங்கற சம்பளத்த வச்சுக்கிட்டு, ஒட்டுன டவுசரும் பச்சக் கலர் கண்ணாடியுமா அதே சீட்டுல சொகமாப் போய்க்கிட்டு இருந்தா அவனுக்கு எப்பிடிடா இருக்கும்? மாசாமாசம் தவணை கட்டறவன் வயித்தெரிச்சல் சும்மா வுடுமா?

அதுக்கு நான் ஒரு வழி சொல்றேன். உன் சைக்கிள் வெல எண்பதாயிரம்னு உங்கம்மாகிட்ட மறைச்ச இல்ல, அத்த ஒரு அட்டையில பெருசா எழுதி சீட்டுக்குப் பின்னாடி தொங்க வுடு. இடிச்சா யாரு குடுக்கறதுன்னு ரெண்டடி தள்ளிப் போவான். மரியாதையும் தானா வரும். நம்ம ஊர்ல ஆள் உசுருக்கு பிரேக் போடாதவன் கூட அடுத்தவன் சொத்துக்கு பிரேக் போடுவான்.

நம்பிக்கை இல்லையா? 2021 ஏப்ரல் 6, ஓட்டுப்பதிவு. நீலாங்கரையில நடிகர் விஜய் வூட்லேர்ந்து பூத்துக்கு சைக்கிள்ல போனாரே, எவனாவது ஓரமாப் போன்னு கத்துனானா? பின்னாடி பத்து இருபது பைக்கு தொரத்திக்கிட்டுப் போவுது, அத்தனையும் செல்ஃபிக்கு. பெட்ரோல் வெலயக் குத்திக் காட்டறாருன்னு ஒரு கூட்டம் எழுதுது. இல்லப்பா, பூத்து பக்கத்துலதான், சந்துல காரு நிறுத்த எடமில்லன்னு அவரு ஆளுங்க சொல்றாங்க. ஒரு மனுசன் சைக்கிள் எடுத்தா அதுக்கு விளக்கம் குடுக்க வேண்டிய ஊருடா இது! அதே வருஷம் முதலமைச்சர் ஸ்டாலினும் ஈசிஆர்ல சைக்கிள் மிதிச்சாரு. டிஜிபியா இருந்த சைலேந்திர பாபு சைக்கிள் பைத்தியம்னே பேரெடுத்தவரு. அவங்களுக்கெல்லாம் ரோடு இருந்துச்சு. அதே ரோடுதான், அதே ரெண்டு சக்கரந்தான். ஆகையினால நீ முதல்ல ஒரு படத்துல நடிச்சுட்டு வா, இல்லன்னா எலெக்‌ஷன்ல நில்லு. ரெண்டும் முடியலன்னாதான் நான் சொல்றது எல்லாம்.

வண்டலூரு–கேளம்பாக்கம் ரோட்டுல விடியக்காலைல போய்ப் பாரு. கட்டட வேலைக்குப் போற பீகார், ஒடிசாப் பசங்க பழைய சைக்கிள்ல சோத்து டப்பா கட்டிக்கிட்டு வரிசையா மிதிச்சுப் போவாங்க. அவங்க காதுக்குள்ளயும் ஹாரன் அடிக்கறாங்க. இடியாப்பக்காரருக்கும் அடிக்கறாங்க. ஸ்கூல்ல அரசாங்கம் குடுத்த சைக்கிள்ல வேளச்சேரி ரோட்டுல வர பொண்ணுங்களுக்கும் தண்ணி லாரிக்காரன் அடிக்கறான். அவங்க யாரும் என்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கல. பழகிப்போச்சு. ஹாரன் உனக்கு மட்டும் அவமானமாப் பட்டுதுன்னா, இத்தன நாளு உனக்கு யாரும் அடிக்கலன்னு அர்த்தம். சந்தோஷப்படு.

அன்னிக்கு நீயே போன்ல படிச்சுக் காட்டுன இல்ல, ஆஸ்திரேலியாவுல மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரங்க 2019ல வெளியிட்ட ஆராய்ச்சின்னு. கொரங்குலேர்ந்து மனுசன் வரைக்கும் ஒரு படம், கரப்பான்பூச்சிலேர்ந்து மனுசன் வரைக்கும் ஒரு படம், சைக்கிள்காரன் இதுல எங்க நிக்கறான்னு காட்டுங்கன்னு கேட்டாங்களாம். சைக்கிள் ஓட்டாதவங்கள்ல 55 சதவீதம் பேரு முழு மனுசன்ல காட்டல. நீ அத்தப் படிச்சுக் கொதிச்ச. நான் அடுத்த வரியக் கேட்டுத்தான் சிரிச்சேன். சைக்கிள் ஓட்டறவங்கள்லயே 30 சதவீதம் பேரு அப்பிடித்தான் காட்டியிருக்கான். அந்த முப்பது சதவீதம் பேரு யாருன்னு எனக்கு ஒரு சந்தேகம் கீது. அப்புறம் சொல்றேன்.

அதவிட எனக்குப் புடிச்சது இங்கிலாந்துல பாத் பல்கலைக்கழகத்து வாக்கர்னு ஒரு வாத்தியாரு. தன் சைக்கிள்ல ஒரு அளக்கற மிஷினக் கட்டிக்கிட்டு 2006ல ரோட்டுக்கு வந்துட்டாரு. 2,000க்கு மேல வண்டி அவரத் தாண்டிப் போச்சு. ஹெல்மெட் போட்டிருந்தா வண்டிங்க சராசரியா 8.5 சென்டிமீட்டர் கிட்டக்க உரசிப் போவுது. இவன் தேறுன ஆளு, சமாளிச்சுக்குவான்னு நெனப்பு. அப்புறம் மனுசன் இன்னா பண்ணாரு தெரியுமா? பொம்பள மாதிரி நீளமா டோப்பா மாட்டிக்கிட்டாரு. வண்டியெல்லாம் 14 சென்டிமீட்டர் தள்ளிப் போச்சாம்! நடுவுல ஒரு பஸ்ஸும் ஒரு லாரியும் அவர இடிச்சது வேற கதை. ரெண்டு வாட்டியும் ஹெல்மெட் போட்டிருந்தாராம். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில கேட்டுப் பாரு, நல்ல டோப்பாவாக் கெடைக்கும். ரெட்டைச் சடை போட்டு வுட்டுக்க. அதுக்காக ஹெல்மெட்டக் கழட்டிடாத, கூமுட்டை. ஆளப் பாத்து வண்டி தள்ளிப் போவும், தலையப் பாத்து தாரு ரோடு தள்ளிப் போவாது.

ஆனா சீமையில டோப்பாவுக்கு வழி வுட்டானே, நெசப் பொம்பளைக்கு நம்மாளு வுட்டானா? புதுக்கோட்டை சேதி உனக்குத் தெரியாது, அப்ப நீ பொறக்கல. 1991, 92ல அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத்னு ஒரு அம்மா கலெக்டரு. எழுத்துக் கத்துக்க வந்த பொண்ணுங்களுக்கு சைக்கிளும் கத்துக் குடுக்கலாம்னு முடிவாச்சு. குவாரியில கல்லு ஒடைக்கறவங்க, வயக்காட்டுல கூலி வேல பாக்கறவங்க, அங்கன்வாடிப் பொண்ணுங்க எல்லாம் வந்துட்டாங்க. ஆம்பளைங்க சும்மா இருப்பானுங்களா? வாய்க்கு வந்தபடி அசிங்கமாப் பேசுனானுங்க. பத்திரிகைக்காரரு சாய்நாத்து போய்ப் பாத்து எழுதி வச்சிருக்காரு. அந்தப் பொண்ணுங்க யாருகிட்டயும் சண்டைக்கு நிக்கல, காதுலயும் வாங்கல. 1992 மகளிர் தினத்துல 1,500 பேருக்கு மேல சைக்கிள்லயே ஊர்வலம் வுட்டாங்க. மொத்தத்துல ஒரு லட்சம் பொண்ணுங்க கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிளு தட்டுப்பாடு. சரி, ஜென்ட்ஸ் சைக்கிளக் கொண்டான்னு ஏறிட்டாங்க. அதுல குறுக்கால பாரு இருக்கு பாரு, புள்ளையக் குந்த வைக்க அது சவுகரியம்னு அப்புறம் அதத்தான் கேட்டாங்க. அசிங்கமாப் பேசுனவன் வூட்டுத் தண்ணிக் குடமும் கொஞ்ச நாள்ல கேரியர்லதான் வந்திருக்கும். குடிக்கறப்போ தொண்டையில நின்னிருக்குமா? எறங்கியிருக்கும், எறங்கியிருக்கும்.

ஒருத்தன் ரெண்டு பேருன்னா கேலி. ஊர்வலமா வந்தா டிராபிக்கு. அதுக்கு ஹாரன் அடிச்சாலும் காத்துக்கிட்டுதான் ஆவணும்.

அதனால உனக்கு நான் சொல்றது: ரோட்டு ஓரத்துலேர்ந்து ஒரு கை நீட்டு தள்ளியே ஓட்டு. ஓரத்த ஒட்டிப் போனா மணல் வாரிவுடும், சாக்கடை மூடி கவுத்துவுடும், நின்ன கார்லேர்ந்து எவனாவது படக்குனு கதவத் தொறப்பான். நீ ஒதுங்க ஒதுங்க, சந்து கெடச்சுதுன்னு அவன் நுழைவான். திரும்பறதுக்கு முன்ன கையக் காட்டு, அதுக்கும் முன்ன கழுத்தத் திருப்பி பின்னாடி வரவன் மூஞ்சியப் பாரு. மூஞ்சியப் பாத்துட்டா பாதிப் பேரு வேகத்தக் கொறச்சிடுவான். மீதிப் பாதி கெட்ட வார்த்தை சொல்லுவான், ஆனா அவனும் வேகத்தக் கொறச்சுட்டுத்தான் சொல்லுவான். ஸ்டாப்பிங்ல பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவுல மட்டும் பூறாத. தண்ணி லாரிக்கு எடது பக்கம் நிக்கவே நிக்காத, டிரைவருக்கு உன்னத் தெரியாது. தெரிஞ்சாலும் அவருக்கு அடுத்த லோடு அவசரம். நாய் தொரத்துனா மிதிச்சு ஓடாத, எறங்கி சைக்கிள நடுவுல வச்சுக்கிட்டு நில்லு. ஓடற சக்கரத்து மேலதான் அதுக்கு வெறுப்பு. கார்காரனுக்கும் அதே வியாதிதான், ஆனா அவன்கிட்ட இந்த வைத்தியம் செல்லாது.

எவனாவது வேணும்னே உரசுனா நம்பர மனசுல வாங்கு, வாய மூடு. 2022லேர்ந்து தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனரேட் இருக்கு, நம்பரு எழுதிக் குடு. வெறும் வாயில கத்திட்டுப் போறவனுக்கு வேற மருந்து. உன்ன முறைச்சுத் தாண்டிப் போறான் இல்ல, எங்க போயிடுவான்? கேம்ப் ரோடு சிக்னல்லதான் நிப்பான். நீ மெதுவா மிதிச்சுட்டுப் போய் அவன் ஜன்னல் பக்கத்துலயே நில்லு. திட்டாத. சிரிச்ச மூஞ்சியா, 'அண்ணே, மணி என்னாண்ணே?'ன்னு மட்டும் கேளு. ஒரு வாரத்துக்கு அவன் பொண்டாட்டி பாவம்.

ரோடு போட்டுக் குடுக்கறவங்கள எதுக்குக் கேக்கலன்னு கேக்கற. கேக்கலாம். 2014லயே சென்னை மாநகராட்சி நடக்கறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும்னு ஒரு கொள்கை போட்டுச்சு. இந்தியாவுலயே மொதல்னு மாலை மரியாதை. 2018க்குள்ள நடந்து போறவனோ சைக்கிள்ல போறவனோ ரோட்டுல சாவவே கூடாதுன்னு அதுல எழுதியிருந்துச்சு. நல்ல எழுத்துதான். ஆனா அந்த மாநகராட்சி எல்லை மீனம்பாக்கத்தோட முடிஞ்சுது. நம்ம தாம்பரம் 2021ல தனி மாநகராட்சி ஆச்சு. அந்தக் கொள்கை பல்லாவரத்துல டிராபிக்குல மாட்டிக்கிச்சு போல, இன்னும் வந்து சேரல. சைக்கிளுக்குப் பாதை போட்டு வச்சிருக்கற நெதர்லாந்துக்காரன் எல்லாம் சைக்கிள்ல பொறந்தவன்னு நெனக்காத. 1971ல ஒரே வருஷத்துல அங்க ரோட்டுல 3,300 பேரு செத்தாங்க. அதுல 400க்கு மேல புள்ளைங்க. அப்பா அம்மாவெல்லாம் தெருவுக்கு வந்து, ரோட்டுல படுத்து, புள்ளைங்களக் கொல்றத நிறுத்துன்னு கத்துனப்புறம்தான் அவனுக்குப் பாதை கெடச்சுது. அங்கயும் கார்காரன் இன்னா கைதட்டியா வழி வுட்டான்?

சரி, அந்த முப்பது சதவீத ஆளு யாருன்னு சொல்றேன்னேன் இல்ல. போன சனிக்கிழமை நீ சைக்கிள வூட்ல வச்சுட்டு காருல வந்தியே, முடிச்சூர் ரோட்டுல நம்ம பால்காரரு ரெண்டு பக்கமும் கேனு மாட்டிக்கிட்டு முன்னாடி போய்க்கிட்டு இருந்தாரு. அவரு முதுகுக்குப் பின்னாடி கையெடுக்காம ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தியாம். தெரு முனையில ரெண்டு கேனும் குலுங்க ஒதுங்குனாராம். மறுநா காலைல பாலு ஊத்தறப்போ கேட்டாரு, 'பெரியவரே, அந்த வெள்ளக் காரு உங்க பேரனுதா?'ன்னு.

எங்க வூட்ல சைக்கிள் ஓட்டற புள்ள இருக்கான், காரு ஓட்டறவன் எவனும் இல்லன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் வரப்போ அந்த ஒட்டுன டவுசரோடயே வந்து எறங்கு, நான் பொய் சொன்னது தெரிஞ்சா அரை லிட்டருல தண்ணியக் கலந்துடுவாரு.