ஆட்டிப் பார்க்கக் கூடாத தேங்காய்

கேள்வி: பழைய ராணுவக் கிடங்குகளில் ரசாயனக் குண்டு மிச்சம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நம்மிடமும் இருந்ததா?
– சிப்காட் தொழிலாளி ஒருவர், பிள்ளைப்பாக்கம்

பதில்: இருந்தது. 'எங்களிடம் இல்லவே இல்லை' என்று பல வருடம் சொல்லிவிட்டு, 1997-ல் ஆயிரம் டன்னுக்கும் மேல் கந்தகக் கடுகு நஞ்சு வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டோம். 2009-க்குள் மொத்தத்தையும் அழித்தும் விட்டோம். அரசாங்க வேலை ஒன்று, நீட்டித்து வாங்கிய கெடுவுக்குள்ளாவது முடிந்தது என்பதற்காகவே இதைக் கல்வெட்டில் பொறிக்கலாம்!

கண்டுபிடிப்பது முதலில் குமாஸ்தா வேலை. பழைய பதிவேடு, வரைபடம், வானிலிருந்து எடுத்த படங்கள். பிறகுதான் காந்தமானியோடு நிலத்தில் நடப்பது. துருப்பிடித்த குண்டு கிடைத்தால், உள்ளே நீர் இருக்கிறதா என்று தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல் பார்க்க முடியாது. எக்ஸ்ரே எடுப்பார்கள். குண்டு சாய்ந்து கிடந்தாலும் உள்ளே இருக்கும் திரவத்தின் மேல்மட்டம் கிடைமட்டமாகவே தெரியும். கெட்டியான வெடிமருந்து அப்படித் தெரியாது. அடுத்து நியூட்ரான்களைச் செலுத்தினால், குளோரின், கந்தகம், ஆர்சனிக் எது இருந்தாலும் தன் காமா கதிரால் தானே காட்டிக்கொடுக்கும். மூடியைத் திறக்கவே வேண்டாம்.

காகிதத்தை மட்டும் நம்பினாலும் ஆபத்து. வாஷிங்டனில் வசதியானவர்கள் வாழும் ஸ்பிரிங் வேலியில், 1993-ல் பள்ளம் தோண்டியவர்களுக்குச் சற்றும் எதிர்பாராமல் முதல் உலகப்போர்க் குண்டுகள் கிடைத்தன.

உங்கள் பக்கம் கவனிக்க வேண்டியது காயலான் கடை இரும்பை. 2004-ல் காசியாபாத் உருக்காலையில் பழைய இரும்போடு வந்த குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். குண்டு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல் போலீசைக் கூப்பிடுங்கள், செல்ஃபி வேண்டாம்.